மாவு என்னும் சொல்லின் விலை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், தாராவி 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், சித்தியின் மாவரைக்கும் அறையில் உட்கார்ந்து, அவருடைய பணத்தில் 3000 ரூபாயைத் தேடுபொறி விளம்பரம் ஒன்றில் போட்டேன். அதில் பெரும்பகுதி நான்கே நாள்களில் கரைந்துபோயிற்று. ஒரு பாக்கெட் மாவுகூட அதனால் விற்கவில்லை. பிழை என்னுடையது. மொழியியலில் முதுகலை முடித்துச் சொற்பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவள் செய்திருக்கக் கூடாத பிழை அது. அதைப் பற்றியும், அதன்பின் படித்தும் பட்டும் அறிந்தவை பற்றியும் ஆய்வு நண்பர்களுக்காகச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தொழிலைப் பற்றி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்த பல குடும்பங்களைப் போல எங்களுடையதும் இட்லியால் பிழைத்த குடும்பம். சித்தப்பா இருபது ஆண்டுகள் அதிகாலையில் அலுமினியப் பாத்திரத்தை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி செம்பூர் வரை இட்லி விற்றவர். முழங்கால் ஒத்துழைக்க மறுத்தபின் மிதிவண்டி நின்றது, கிரைண்டர் நிற்கவில்லை. இட்லி விற்ற வீடு மாவு விற்கும் வீடாயிற்று. வாங்குவோரில் பலர் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர். அக்குடும்பங்களின் பிள்ளைகளோ எதையும் கைப்பேசியில் தேடி வாங்குகிறவர்கள். இதைக் கவனித்த சித்தி ஒருநாள் என்னிடம் கேட்டார்:

"ஏட்டி, போன்ல தேடுனா எல்லாத்துக்கும் மேல வெளம்பரம்னு போட்டு ஒண்ணு வருதுல்லா, அந்த எடத்துக்கு எவ்வளவு துட்டு?"

நாளிதழ் விளம்பரத்துக்கு இக்கேள்வி பொருந்தும். அங்கே இடத்துக்கு விலை உண்டு. இத்தனை சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று அட்டை போட்டிருப்பார்கள். தேடுபொறியில் விலை சொல்லுக்கு. அந்த விலையும் முன்கூட்டியே குறிக்கப்படுவதில்லை. ஒருவர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து தேடும் ஒவ்வொரு முறையும், விடை திரையில் தோன்றுவதற்குள், அச்சொல்லுக்கு விலை பேசியிருப்போர் அனைவரையும் வைத்து ஓர் ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது.

இம்முறைக்கு வயது அதிகமில்லை. 1998-இல் அமெரிக்காவில் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய 'கோ டூ' என்னும் தேடுதளம், தேடல் முடிவுகளில் இடத்தை வெளிப்படையாக ஏலம் விட்டது. அதிகம் தருபவர் மேலே; யாரேனும் சொடுக்கினால் மட்டுமே பணம்; கேட்ட தொகையை அப்படியே செலுத்த வேண்டும். பின்னர் ஓவர்ச்சர் என்று பெயர் மாறிய அந்நிறுவனத்தை 2003-இல் யாஹூ வாங்கியது. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்னும் விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002-இல் அதைச் சொடுக்குக்கு விலை பேசும் ஏலமாக மாற்றியது. மாற்றும்போது இரண்டு திருத்தங்களைச் செய்தது. வென்றவர் தாம் கேட்ட தொகையைச் செலுத்த வேண்டியதில்லை. தமக்கு அடுத்த இடத்தில் இருப்பவரை முந்துவதற்குத் தேவையானதைச் செலுத்தினால் போதும். இரண்டாவது திருத்தம், தொகையோடு சொடுக்கப்படும் வாய்ப்பையும் பெருக்கி வரிசையை முடிவு செய்தது. இந்த இரண்டாவது திருத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் பிற்பகுதி அதைப் பற்றியது.

என் பிழை ஏலத்துக்கு முந்தைய படியில் நேர்ந்தது. ஏலத்தில் யார் யார் கலந்துகொள்வது என்பதை முடிவு செய்வது பொருத்தம். விளம்பரம் தருபவர் சில சொற்களைக் குறித்துக் கொடுக்கிறார். தொழிலில் இருப்போர் அதைக் கீவேர்டு என்பர். நான் திறவுச்சொல் என்று எழுதுகிறேன். தேடுபவர் தட்டச்சு செய்வது வினவல். திறவுச்சொல்லும் வினவலும் எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்பதற்கு மூன்று தெரிவுகள் உண்டு. துல்லியப் பொருத்தம்: வினவல் திறவுச்சொல்லாகவே இருக்க வேண்டும். தொடர்ப் பொருத்தம்: திறவுச்சொல்லின் பொருள் வினவலுக்குள் இடம்பெற வேண்டும். அகலப் பொருத்தம்: திறவுச்சொல்லோடு தொடர்புடையதாகப் பொறி கருதும் எந்த வினவலும் போதும்.

இதைச் சித்திக்கு விளக்கியபோது, "கல்யாணத்துக்குப் பாக்குற மாதிரி இதுக்குமா பொருத்தம்?" என்று சிரித்தார். நானோ, தெரிவு எதையும் மாற்றாமல் விட்டால் அகலப் பொருத்தமே அமையும் என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. என் அக்கறை எல்லாம் மொழி மீது. தமிழர்களுக்கு மாவு விற்கிறோம், ஆகவே தமிழ் எழுத்தில் 'இட்லி மாவு', 'தோசை மாவு' என்று கொடுக்க வேண்டும் என்பது என் முதல் முடிவு. கூகுளின் விளம்பரச் சேவைகள் இந்திக்கு 2014-இலும் தமிழுக்கு 2018-இலும் திறந்தன என்பதைக் கருத்தரங்குகளில் சொல்லி மகிழ்ந்தவள் நான். ஆனால் என் தமிழ்த் திறவுச்சொற்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. மும்பையில் பிறந்து வளர்ந்த என் தலைமுறைத் தமிழரில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; தட்டச்சு செய்வது ரோமன் எழுத்தில். நான் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்ததால் எனக்கு வாய்த்த எழுத்து, மாட்டுங்காவில் ஆங்கிலவழியில் படித்த தோழிக்கு வாய்க்கவில்லை. ஒரே நகரத்தில், ஒரு ரயில் பாதையின் இரு பக்கங்களில், பேச்சு ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருக்கும் ஒரு மொழிச் சமூகத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் படித்திருந்தும், விளம்பரம் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.

பிறகு ரோமன் எழுத்தில் கொடுத்தேன். இட்லி என்பதை 'ஐ' வைத்து முடிப்போரும் உண்டு, 'ஒய்' வைத்து முடிப்போரும் உண்டு. மாவு என்பதில் ஓர் 'ஏ' போடுவோர், இரண்டு போடுவோர், 'வி'க்குப் பதிலாக 'டபிள்யூ' எழுதுவோர் என்று வகை வகையாகக் கூட்டினேன். மாவு என்ற தனிச்சொல்லையும், இட்லி என்ற தனிச்சொல்லையும் சேர்த்தேன். விளம்பரம் ஓடத் தொடங்கியது, பணமும் ஓடியது. நான்காம் நாள், எந்தெந்த வினவலுக்கு விளம்பரம் காட்டப்பட்டது என்னும் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். இட்லியின் கலோரி எவ்வளவு என்று கேட்டவர், இட்லிப் பானை தேடியவர், இட்லி செய்முறை வேண்டியவர், கோதுமை மாவு, ராகி மாவு, மாவு மில் தேடியவர் என்று ஊரே வந்து சொடுக்கிவிட்டுப் போயிருந்தது.

சித்தி அறிக்கையை எட்டிப் பார்த்தார். "மாவுன்னு மட்டும் போட்டா கோதும மாவு தேடுதவனும் வருவான்லா? கடையில வந்து மாவு குடுன்னா நாங்க என்ன மாவுன்னு கேப்போம். இதுல கேக்க ஆள் இல்ல."

பலபொருள் ஒருசொல் பற்றி அதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. தமிழில் மாவு உலர்ந்த பொடியையும் குறிக்கும், அரைத்த கரைசலையும் குறிக்கும். மராத்தியின் 'பீட்' என்னும் சொல்லும் அப்படியே இரண்டுக்கும் வழங்குகிறது. ஆங்கிலம் இரண்டையும் வேறு சொற்களால் பிரிக்கிறது. ஆனால் கரைசலைக் குறிக்கும் 'பேட்டர்' வேறொரு சிக்கல் கொண்டது. கிரிக்கெட் விதிகளில் 'பேட்ஸ்மேன்' என்பதை 'பேட்டர்' என்று எம்.சி.சி. 2021-இல் மாற்றியபின், அச்சொல்லைத் தனியாக விலை பேசுகிறவர் மட்டையாளர்களைத் தேடுவோருக்கும் சேர்த்து விலை பேசியவர் ஆவார். வரிச் சட்டத்துக்கும் இந்த மாவுச் சிக்கல் உண்டு. அதே 2021-இல் தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையம் இட்லி, தோசைக்கான கலவைப் பொடிக்கு 18 விழுக்காடு வரி என்று சொன்னது. அரைத்த மாவுக்கு வரி 5 விழுக்காடுதான். பேச்சில் கேட்டுத் தெளிந்துகொள்ளும் வேறுபாட்டைச் சட்டம் வரையறையால் தீர்த்துக்கொள்கிறது. தேடுபொறியில் அதைத் தீர்க்கும் பொறுப்பு விளம்பரம் தருபவருக்கு உரியது. விலக்குச் சொல் என்று ஒரு வசதி இருக்கிறது: செய்முறை, கலோரி, பானை, கோதுமை, மில் முதலியவை வினவலில் இருந்தால் விளம்பரத்தைக் காட்டாதே என்று முன்னமே சொல்லிவிடலாம். நான் அதைப் பிறகுதான் கற்றேன்.

துல்லியப் பொருத்தம் என்று வைத்திருந்தால் இத்தொல்லை இருந்திராதே என்று கேட்கலாம். குறைந்திருக்கும். ஆனால் துல்லியம் என்ற சொல்லின் பொருளும் ஆண்டுக்காண்டு நெகிழ்ந்து வந்திருக்கிறது. கூகுளில் 2014-க்குப்பின் எழுத்துப்பிழையும் ஒருமை பன்மை வேறுபாடும் துல்லியப் பொருத்தத்துக்குள் கட்டாயமாக அடங்கின. 2017-இல் சொல்வரிசை மாறினாலும், இடைச்சொல் விடுபட்டாலும் பொருந்தும் என்றாயிற்று. 2018-இல் வேறு சொற்களால் கேட்டாலும் நோக்கம் ஒன்றானால் பொருந்தும் என்றாயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதிலிருந்து கருத்துக்குக் கருத்து ஒப்பிடுவதற்கு இத்துறை வந்துவிட்டது.

மொழியியலாருக்கு இங்கே ஒரு பெரிய வேலை காத்திருக்கிறது. இடைச்சொல்லைப் பொருட்படுத்தாமல் விடுவது என்பது ஆங்கில அமைப்பிலிருந்து பிறந்த எண்ணம். அங்கே உறவுகளைக் காட்டுவது தனித்து நிற்கும் சிறு சொற்கள். தமிழில் அவ்வேலையைச் செய்வது வேற்றுமை உருபு. அது பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'மும்பையிலிருந்து சென்னைக்கு' என்பதை 'சென்னைக்கு மும்பையிலிருந்து' என்று திருப்பினாலும் தமிழில் பொருள் மாறாது. உருபை மாற்றினால் பயணமே தலைகீழாகும். மாவு, மாவை, மாவுக்கு, மாவின் ஆகியவற்றை ஒன்றென அறிய உருபனியல் பகுப்பு வேண்டும். ஒரு சொல்லின் எழுத்துப்பிழை எது, வேற்றுமை வடிவம் எது, வேறு சொல் எது என்று பிரித்தறிவதன் விலையை இங்கே ஒரு மாவு வியாபாரி செலுத்துகிறார்.

பொருத்தத்தைச் சரிசெய்தபின், போன பணத்தை ஈடுகட்ட என் உதவித்தொகையிலிருந்து அதே அளவு தொகையைப் போட்டேன். அப்போது எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. மாட்டுங்காவில் எல்லாரும் பெயர் சொல்லித் தேடும் ஒரு பெரிய நிறுவனத்தின் மாவு உண்டு. அந்நிறுவனத்தின் பெயரையே திறவுச்சொல்லாகக் கொடுத்தால், அதைத் தேடுவோருக்கு நம் விளம்பரமும் தெரியும். சித்தி ஒரே வரியில் மறுத்துவிட்டார்.

"அடுத்தவன் கட வாசல்ல நின்னு கூவி விக்கச் சொல்லுதியா?"

நான் வாதிட்டேன். நாம் அவர்கள் பெயரை விளம்பரத்தில் எழுதப்போவதில்லை. தேடுபவரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது இருக்கும். சித்தி அசையவில்லை. ஆனால் அவ்வாதத்தில் இரு தரப்பும் நீதிமன்றங்களில் ஏற்கெனவே பேசப்பட்டவை. இந்தியாவில் இதற்கான முக்கியமான தொடக்க வழக்கு சென்னையில் நடந்தது. பாரத்மேட்ரிமொனி, தமிழ்மேட்ரிமொனி முதலிய திருமணத் தகவல் தளங்களை நடத்திய கான்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகுள் மீதும், மும்பையின் ஷாதி உள்ளிட்ட போட்டித் தளங்களை நடத்தியோர் மீதும் 2009-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தன் வணிகப் பெயர்களைத் தேடுவோருக்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது என்பது முறையீடு. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். அப்பெயர்களின் உறுப்புகள் பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது அம்முடிவின் அடிப்படைகளுள் ஒன்று.

இவ்வழக்கை நான் இலக்கண நூல் படிப்பது போலப் படித்தேன். இரண்டு சொற்களும் இடைவெளியின்றிச் சேர்ந்தால் ஒரு நிறுவனத்தின் சிறப்புப்பெயர். இடைவெளி விட்டால் தமிழருக்கான திருமணம் என்னும் பொது விவரிப்பு. மணமகன் தேடும் எந்தத் தாயும் தட்டச்சு செய்யக்கூடியது. 'வேலை கொடு' என்பதற்கும் 'வேலைக் கொடு' என்பதற்கும் இடையில் ஓர் ஒற்றுக்காக மதிப்பெண் இழந்த நமக்கு, ஓர் இடைவெளிக்காக நீதிமன்றம் வரை செல்வது வியப்பளிக்காது. அதே 2010 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், திறவுச்சொல்லைச் சேமித்து வைத்து விளம்பரத்தைக் காட்டும் தேடுபொறி நிறுவனம் அந்த வணிகக் குறியைத் தானே பயன்படுத்தியதாகாது என்றது. 2023 ஆகஸ்டில் அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பெயர் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு வேறு நிலை எடுத்தது: கண்ணுக்குத் தெரியாத திறவுச்சொல்லாக வைப்பதும் பயன்பாடே, கூகுள் அதில் வெறும் பார்வையாளர் அன்று, எனினும் தேடுபவரிடம் குழப்பம் விளையாதவரை அப்பயன்பாடு மட்டுமே உரிமை மீறல் ஆகாது. சட்டப்படி என் யோசனைக்கு இடம் இருந்தது. சித்தியின் கடை ஒழுக்கத்தில் இடமில்லை. விட்டுவிட்டேன்.

எஞ்சியிருந்தது விளம்பரத்தின் தலைப்பு. அதில் ஊர்ப்பெயர் வேண்டும். அருகில் விற்பவரையே மக்கள் தேடுகிறார்கள். எந்த ஊர்ப்பெயர்?

தாராவிக்காரர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. பள்ளி முடித்து வேலைக்கு விண்ணப்பித்த காலத்தில் என் தோழியர் சிலர் முகவரியில் 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்று எழுதினார்கள். அப்படி ஒரு பகுதி உண்மையிலேயே இருக்கிறது. அதில் பொய் இல்லை. ஆனாலும் அஞ்சல் குறியீட்டெண்ணைப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். மாட்டுங்கா 400019, தாராவி 400017. அந்த இரண்டு எண் இடைவெளியில் நாங்கள் எல்லாரும் ஒருமுறையேனும் ஒளிந்திருக்கிறோம்.

முதல் பத்து நாள் தலைப்பில் தாராவி என்று எழுதினேன். அடுத்த பத்து நாள் மாட்டுங்கா அருகில் என்று எழுதினேன். திறவுச்சொல், பொருத்தம், கேட்ட தொகை, சென்றடையும் பரப்பு எதையும் மாற்றவில்லை. மாவும் மாறவில்லை, அரைத்த கையும் மாறவில்லை. தாராவி என்றிருந்தபோது பார்த்தவர்கள் பெரும்பாலும் கடந்து சென்றார்கள். எதிர்பார்க்கப்படும் சொடுக்கு விகிதம் சராசரிக்குக் கீழ் என்று திரையில் ஒரு குறிப்பு வந்தது. மாட்டுங்கா அருகில் என்றதும் சொடுக்குகள் கூடின. ஒரு சொடுக்குக்குச் செலுத்திய தொகை குறைந்தது. இருபது நாள், ஒரே ஒரு கடை, வரிசை மாற்றிச் சோதிக்காத ஒப்பீடு: இதை நான் ஆய்வு முடிவாக முன்வைக்கவில்லை. என் துறையில் இதைக் கட்டுரையாக அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள், அனுப்ப வேண்டும். ஆனால் தொகை ஏன் மாறியது என்பதற்கு அந்த ஏலத்தின் அமைப்பே விளக்கம் தருகிறது. மேலே நினைவில் வைக்கச் சொன்ன திருத்தம் இதுதான்.

எளிமைப்படுத்திய ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு சொல்லுக்கு இருவர் போட்டி. முதலாமவர் கேட்பது 10 ரூபாய்; அவருடைய தரப்புள்ளி 8. இரண்டாமவர் கேட்பது 20 ரூபாய், தரப்புள்ளி 2. பெருக்கினால் முதலாமவருக்கு 80, இரண்டாமவருக்கு 40. பாதித் தொகையே கேட்டவர் மேலே நிற்கிறார். அவர் செலுத்த வேண்டியது, கீழே உள்ளவரின் 40-ஐத் தம் தரப்புள்ளியான 8-ஆல் வகுத்தால் வரும் 5 ரூபாயை ஒட்டிய தொகை. இரண்டாமவர் அதே மேலிடத்துக்கு வர விரும்பினால் 80-ஐ 2-ஆல் வகுத்து, 40 ரூபாய்க்கு மேல் தர வேண்டும். ஒரே இடம், ஒருவருக்கு 5, மற்றவருக்கு 40. நடைமுறையில் உள்ள வாய்ப்பாடு இதைவிடச் சிக்கலானது. தேடுபவரின் இடம், கருவி, நேரம் எல்லாம் அதில் சேரும். எனினும் எலும்புக்கூடு இதுவே. கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் தரக் கூறுகள் மூன்று: எதிர்பார்க்கப்படும் சொடுக்கு விகிதம், வினவலோடு விளம்பரத்தின் தொடர்பு, சொடுக்கியபின் திறக்கும் பக்கத்தின் பயன்.

இத்திருத்தத்துக்கு நியாயம் உண்டு. சொடுக்கு வாய்ப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால், தொடர்பில்லாத பொருளை விற்கும் பணக்காரர் எல்லாச் சொற்களின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்வார், தேடுபவர் அலுத்துப்போவார், சொடுக்குக்குப் பணம் பெறும் தேடுபொறிக்கும் நட்டம். இம்முறை தேடுபவரையும் காக்கிறது, சிறிய விளம்பரதாரரையும் காக்கிறது. பொருளாதார அறிஞர்கள் எடல்மன், ஆஸ்ட்ரோவ்ஸ்கி, ஷ்வார்ஸ் ஆகியோர் 2007-இல் இவ்வேலத்தை ஆராய்ந்து, இதில் உண்மையான மதிப்பைக் கேட்பதே எப்போதும் சிறந்த உத்தியாக அமையாது என்று காட்டினார்கள். நான் தேடுவது வேறொரு கேள்விக்கு விடை. சொடுக்காமல் கடந்துபோன விரல் எதற்காகக் கடந்துபோயிற்று என்பதை இக்கணக்கு கேட்பதில்லை. விலை பிடிக்காமல் போயிருக்கலாம். கரைசல் மாவு வேண்டாதவராக இருக்கலாம். தாராவியில் அரைத்ததை உண்பதா என்று முகம் சுளித்திருக்கலாம். மூன்றும் கணக்கில் ஒன்றே. மூன்றாமவரின் சுளிப்பை யாரும் பார்க்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அது சித்தியின் கணக்கில் பைசாவாக ஏறுகிறது. பொறிக்குத் தாராவி மேல் வெறுப்பில்லை. எங்கள் அயலாரின் தயக்கத்தை அது உண்மையாக எண்ணுகிறது.

இதே ஊர்ப்பெயர் வேறிடத்தில் வேறு வேலை செய்கிறது. மாமா ஒருவர் தாராவியில் தோல் பைக் கடை வைத்திருக்கிறார். அவருடைய பலகையில் தாராவி என்பது பெரிய எழுத்தில் இருக்கும். தோல் பை வாங்குபவருக்கு அப்பெயர் மலிவையும் கைத்திறனையும் குறிக்கிறது. கொலாபாவிலிருந்து வண்டி பிடித்து வருகிறார்கள். தாராவி என்னும் சொல் தோல் பையின் பக்கத்தில் நின்றால் நம்பிக்கை. மாவின் பக்கத்தில் நின்றால் அச்சம். ஒரு சொல்லின் பொருளை அதன் அண்டைச் சொற்களைக் கொண்டு அறியலாம் என்பது எங்கள் துறையின் பழைய பாடம். இன்றைய தேடுபொறிகளும் அப்பாடத்தை வைத்தே சொற்களின் நெருக்கத்தைக் கணக்கிடுகின்றன. அந்நெருக்கத்துக்கு ரூபாயில் ஓர் அளவுகோல் இருப்பதை நான் மாவு விற்கப் போய்த்தான் கண்டேன்.

இருபது நாள் முடிந்ததும் சித்தியிடம் கணக்கைக் காட்டினேன். மாட்டுங்கா அருகில் என்றே வைத்துவிடலாம், அதுவும் பொய்யில்லை, ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்காதானே என்றேன். அவர் பதில் பேசாமல் ஒரு பாக்கெட்டை எடுத்து என் கையில் வைத்தார். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாக்கெட்டில் தயாரித்தவர் முகவரி முழுமையாக இருக்க வேண்டும். பதிவு எண்ணின் கீழே தெளிவாக அச்சிட்டிருந்தது: தாராவி, மும்பை 400017.

"பாக்கெட்ல உள்ளத எழுதிட்டு போன்ல மாத்திச் சொல்லணுமா? வீட்டுக்குப் போயி திருப்பிப் பாத்தா என்ன நெனப்பாவ?"

நான் அதை நேர்மை பற்றிய பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அது வியாபாரக் கணக்கும்கூட. முகவரியைக் கண்டு விலகுபவர் சொடுக்குவதற்கு முன்பே விலகிவிட்டால் நமக்குக் காசு மிச்சம். சொடுக்கி, வாங்கி, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தபின் விலகினால் எல்லாம் நட்டம். ஆனால் இந்தக் கணக்கு சரியாக வருவதற்கும் சேர்த்துக் கூடுதல் விலை தர வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தலைப்பில் தாராவியே நின்றது. திறவுச்சொற்களைக் குறைத்து, விலக்குச் சொற்களைக் கூட்டி, பரப்பைச் சுருக்கி, வாரத்துக்கு ஒரு சிறு தொகை என்று வைத்தோம். பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. சில வாரங்களில் புதிதாக இரண்டு வீடுகள் சேரும். சில வாரங்களில் ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிறு காலை நான் அங்கிருந்தபோது செம்பூரிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். விளம்பரத்தைப் பார்த்துத்தான் அழைத்திருந்தார். மாவு விலையைக் கேட்கவில்லை. "தாராவின்னு போட்டிருக்கே, முன்னெல்லாம் சைக்கிள்ல ஹாரன் அடிச்சுண்டு ஒருத்தர் வருவாரே, அவாத்துலேர்ந்தா?" என்று கேட்டார். அப்படி வந்தவர்கள் பலர். அது சித்தப்பாவா, வேறொருவரா என்று தெரியாது. சித்தி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வீட்ல குடுக்கேன், பேசுங்க" என்று சித்தப்பாவிடம் கைப்பேசியைக் கொடுத்தார். இருவரும் கால் மணி நேரம் செம்பூர்த் தெருக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெரியவருக்குத் தாராவி என்பது இட்லியின் அருகில் நிற்கத் தகுந்த சொல்லாகவே இருந்திருக்கிறது. அவருடைய சொடுக்கும் சராசரியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

ரோமன் எழுத்தில் தமிழர் தேடும் முறை பற்றியோ, ஊர்ப்பெயர்களின் சொற்சேர்க்கை பற்றியோ பணியாற்றும் நண்பர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். வரிசை மாற்றிச் சோதிக்கும் ஒழுங்கான ஒப்பீட்டை வடிவமைக்க உதவி வேண்டும். மாவு இலவசம், வந்து வாங்கிக்கொள்ள வேண்டிய முகவரி தாராவி.